சாயம் போகும் வழி

புளோரிடாவின் மதிய வெயிலில், கொல்லைப்புற நீச்சல் குளத்தில் கசிவு தேட வந்த வெண்டல் மூச்சடக்கி மூழ்குகிறான். கரையிலிருந்து லொரெட்டா எட்டிப் பார்க்கிறாள். ஊசிக்குழாயிலிருந்து அவன் விடும் சிவப்புச் சாயம் குளத்துச் சுவர் விளக்கருகே புகைபோல அசையாமல் தொங்குகிறது; அங்கே கசிவில்லை. "வெயில்தான் தண்ணியக் குடிக்குதுன்னு சொன்னேனே," என்கிறாள், அவன் தலை தூக்கியதும். கோடை முழுக்க அவள் திறந்தே வைத்திருக்கும் தோட்டக் குழாய் குளத்துக்குள் கொட்டிக்கொண்டிருக்கிறது. "நேத்து குளத்துப் படியில வெச்ச வாளித் தண்ணி குறையவே இல்லையே, மேடம். வெயில் என்ன ஆள் பார்த்தா குடிக்கும்?" சிரித்தபடி மறுபடி மூழ்குகிறான். இம்முறை, அடியிலுள்ள வடிகாலருகே சாயம் தொங்கவில்லை. நூலாய் நீண்டு, யாரோ கீழிருந்து வெடுக்கென்று இழுத்ததுபோல் மறைகிறது. மேலே வந்தவன் முகத்தில் சிரிப்பில்லை. குளத்தை விட்டுவிட்டு வீட்டையே பார்க்கிறான். "அந்தப் பின்கதவு ஏன் பாதி தொறந்து கெடக்கு?" "ஞாயித்துக்கிழமையிலேருந்து மூட முடியல. நெலை கோணிக்கிச்சு." அடுத்த தெருவில் பூமி ஒரு வீட்டை விழுங்கிய பள்ளத்தைச் சுற்றிப் போட்ட வேலி இங்கிருந்தே தெரிகிறது. வெண்டல் ஓசைப்படாமல் கரையேறிக் குழாயை மூடுகிறான். "உள்ளே யாரு இருக்கா?" "பாப்பா தூங்குறா," என்கிறாள் லொரெட்டா. குழாய் நின்றுவிட்டது. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் நிற்கவில்லை. அவள் காலுக்கடியில் கேட்கிறது, வீட்டை நோக்கிப் போகிறது.