கருப்பியின் முட்டை

குப்பை எரிக்கும் ஆலைக்குப் பின்தெருவில் யாரும் முட்டையைச் சோதிக்காமல் உடைப்பதில்லை. சோதனைத் துறை வீட்டுக்கு வீடு கொடுத்திருந்த கருவியில் முட்டையை வைத்தால், தின்னலாம் என்றால் பச்சை விளக்கு எரியும். கூடாது என்றால் சிவப்பு. நிலானியின் நான்கு கோழிகளுக்கு எப்போதும் சிவப்புதான். புதிதாக முட்டையிடத் தொடங்கிய ஐந்தாவது கோழி கருப்பிக்கு மட்டும் தினமும் பச்சை எரிந்தது.

கருவி பழுதாகியிருக்குமோ என்று பார்க்க வந்தான் சோதனைத் துறை ஊழியன் ரியாஸ். கருவியில் ஒரு குறையும் இல்லை. அவனுக்கும் ஆர்வம் தொற்றிக்கொள்ள, கருப்பியைப் பார்க்க நிலானியோடு மாடிக்கு ஏறினான்.

"இது மட்டும் அப்படி என்னக்கா திங்குது?"

"எல்லாத்துக்கும் போடுற அதே அரிசிதான். குஞ்சுல கால் ஒடஞ்சிடுச்சு. மாடி ரூமை விட்டுக் கீழ எறங்கினதே இல்ல."

ரியாஸ் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தான். மற்ற நான்கும் வாசல் மண்ணைக் கிளறிக் கொத்திக்கொண்டிருந்தன.

"அப்போ கோளாறு அரிசியில இல்லக்கா. ஆலைப் பொகையில வந்த வெஷம் மண்ணுல எறங்கிக் கெடக்கு."

நிலானியும் எட்டிப் பார்த்தாள். கோழிகளுக்கு நடுவே அவளுடைய இரண்டு வயது மகள் உட்கார்ந்து, மண்ணை அள்ளி வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். நிலானி படியிறங்கி ஓடினாள். பிள்ளையைத் தூக்கி, விரலை விட்டு வாயைத் துடைத்தாள்.

பின்னாலேயே இறங்கி வந்த ரியாஸிடம் கேட்டாள். "புள்ளைக்கும் இத மாதிரி பாக்க முடியுமா தம்பி?"

"ரத்தம் எடுத்துப் பாக்கலாம்க்கா. இந்தத் தெருவுல இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"நான் கேக்குறேன். பேரு எழுதிக்கோ."