கரும்படி

"கத்தி வெச்சே ஆவணும் டாக்டர். கட்டெல்லாம் வேணாங்க."

தர்மபுரியில் ஓர் எலும்பு டாக்டரின் அறையில், கட்டிலில் குப்புறப் படுத்தபடியே வீரமணி அடம்பிடித்தான். டாக்டர் அவனுடைய கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார். நல்ல காலென்றால் பாதம் அசையும். இது அசையவே இல்லை. குதிகாலுக்கு மேலே ஓடும் தடித்த நரம்பு அறுந்துபோயிருந்தது.

"ஆபரேஷன் பண்ணா மறுபடி அறுந்துபோற பயம் கொஞ்சம் கம்மிதான். ஆனா உங்களுக்குச் சுகர் இருக்கு, புண்ணு சீழ் வெச்சுக்கும். பாதத்தைக் கீழ சாய்ச்சு வெச்சு மாவுக்கட்டு போட்டாலே ஒட்டிக்கும். எதுக்கு வீணா அறுக்கணும்?"

"கட்டே போடுங்க சார்" என்றாள் பக்கத்தில் நின்ற அவன் மனைவி நிர்மலா. அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"நீ சும்மா இரு. தம்பி பாசம் பொத்துக்கிட்டு வருதா?" என்று அதட்டிவிட்டு, வீரமணி விஷயத்தைப் போட்டு உடைத்தான்.

"பொங்கலுக்கு எங்க கம்பைநல்லூர்ல ஓட்டப்பந்தயம் வெச்சாங்க. விசில் ஊதுனதும் காலை எடுத்து வெக்கிறேன், பின்னாடியிருந்து குதிகால்ல படார்னு ஒரு அடி. திரும்பிப் பாத்தா இவ தம்பி அருள்குமாரு, கையில முழுக் கரும்போட நிக்கிறான். அன்னைக்குக் காலையிலதான் எனக்கும் அவனுக்கும் வாய்ச்சண்டை. ஸ்டேஷன்ல புகார் குடுத்துட்டேன். ஆபரேஷன்னு ஆனாத்தானே கேஸு கெட்டியா நிக்கும்? போலீஸ் வேலைக்குச் செலக்ட் ஆயிருக்கானாம். எப்படிப் போறான்னு பாத்துர்றேன்."

அந்தப் பையன் அப்படிப்பட்டவன் இல்லை என்று ஊரே சொல்லிப் பார்த்தது. வீரமணி கேட்டால்தானே? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றான். "பொறந்த வூடா, புருஷன் வூடா? இன்னைக்கே முடிவு பண்ணிக்கோ" என்று நிர்மலாவிடமும் கறாராகச் சொல்லியிருந்தான்.

டாக்டர் குதிகாலை மறுபடியும் தடவிப் பார்த்தார். "கரும்பால அடிச்சா தோல்ல ஒரு தடிப்பாச்சும் வேணாமா? உங்களை யாரும் அடிக்கலைங்க. ஓட எடுத்த வேகத்துல நரம்பு தானா அறுந்திருக்கு. இது அறுந்தவங்க முக்காவாசிப் பேரு, யாரோ பின்னாடி அடிச்சதாத்தான் சொல்வாங்க. போன மாசம் ஷட்டில் ஆடி அறுத்துக்கிட்டு வந்தாரு ஒருத்தரு. பின்னாடி ஆளே இல்ல, செவுத்தைத் திட்டியிருக்காரு."

வீரமணி சிரித்தான். "அது அவருக்குங்க. எனக்குக் கண்ணால பாத்த சாட்சி இருக்கு. கரும்பை ஓங்குனது, குறி பாத்து அடிச்சது, எல்லாத்தையும் ஸ்டேஷன்ல புட்டுப்புட்டு வெச்சாச்சு."

"யாரு அந்தச் சாட்சி?"

"ஊரான் எவனோ இல்லைங்க, அவன்கூடப் பொறந்த அக்காளே சொல்லியிருக்கா" என்று பெருமையாக மனைவி பக்கம் திரும்பினான் வீரமணி.

நிர்மலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சுவரோரமாக அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.