பட்டாளத்து வண்டி

‘டமார்!’

தெருவில் மேய்ந்த கோழிகள் சிதறி ஓடின. ஜாக்கி நழுவி, டிரெய்லர் ஒரு பக்கமாகத் தரையில் உட்கார்ந்திருந்தது. அதன் அடியிலிருந்து ஹிதாயத்துல்லாவின் இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

“என்னங்க, இருக்கீங்களா?” வீட்டுக்குள்ளிருந்து ஆரிபா குரல் கொடுத்தாள். இடுப்பெலும்பு முறிந்து நாற்பது நாளாகக் கட்டிலில் கிடப்பவள், எழுந்து வந்து பார்க்க முடியாது.

“இருக்கேன், இருக்கேன். இன்னும் போவல.”

வெல்டர் ராஜ்கமல் அவரை வெளியே இழுத்தான். “சக்கரத்துக்கு முட்டு வெக்காம அடியில படுப்பீங்களா பாய்? ஜவுளிக்கடையில துணி கிழிச்ச ஆளுக்கு இதெல்லாம் தேவையா?”

“போன்ல வீடியோ பாத்துதாம்பா செஞ்சேன். அதுல முட்டெல்லாம் காட்டல.”

ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட சரக்கு டிரெய்லர் அது. போன மாதம் கடலூரில் டாக்டரைப் பார்க்கப் போனவர், பழைய இரும்புக் கடையில் அதைப் பிடித்து, ஒரு வாடகை வேனுக்குப் பின்னால் கட்டி, தன் ஊரான கிள்ளைக்கு இழுத்து வந்துவிட்டார். அன்றிலிருந்து துருவைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். பச்சை பெயிண்டோடு தகடும் சேர்ந்து உதிர்கிறது.

எதற்கென்று தெருவுக்கே தெரியும். மழை பிடித்தால் சந்துக்குள் முழங்கால் தண்ணீர். ஆட்டோ வராது, ஆம்புலன்ஸும் வராது. ஆரிபாவை சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, மெயின் ரோடு வரை தூக்கித்தான் போக வேண்டும். மகன் அசாருதீன் சவுதியில் இருக்கிறான். தெருவின் மற்ற வாலிபர்களும் சவுதியில், இல்லையென்றால் சிங்கப்பூரில்.

“ரெண்டு பேரு கையால இழுத்தா போவணும். அதுக்குத் தக்கன கைப்பிடி வை.”

“வெச்சிடலாம். பின்னால ஒண்ணரை அடி வெட்டிட்டா சந்துல சுளுவா திரும்பும். பாயம்மா அஞ்சடிதான இருப்பாங்க?”

“வெட்டாத. ஆறரை அடி அப்படியே இருக்கட்டும்.”

“சரி, தீபாவளி முடிச்சு வரட்டா? பட்டறையில வேலை ஜாஸ்தி.”

“இந்த வாரமே முடிச்சிடு தம்பி. அதுக்கு மேல தாங்காது.”

ராஜ்கமல் அண்ணாந்து பார்த்தான். கிழக்கே வானம் கறுத்திருந்தது.

நான்காம் நாள் பலகை அடித்து முடித்ததும், ஹிதாயத்துல்லாவே ஏறி மல்லாந்து படுத்துக்கொண்டார்.

“பள்ளிவாசல் வரைக்கும் இழுங்க, பாப்போம்.”

ராஜ்கமலும் அவன் பட்டறைக் கூட்டாளி அந்தோணிசாமியும் இழுத்தார்கள். வண்டி சத்தமில்லாமல் உருண்டது.

“என்னா பாய், காத்த ஏத்திக்கிட்டுப் போற மாதிரி இருக்கு?” அந்தோணிசாமி சிரித்தான். “சோறு திங்கிறீங்களா இல்லியா?”

அவர் கண்ணை மூடிக் கிடந்தார்.

திரும்பி வந்து வாசலில் நிறுத்தியபோது ராஜ்கமலுக்கு ஏகப்பட்ட பெருமை. “கொஞ்சங்கூட குலுங்கல. மேல ஒரு மெத்தையப் போட்டா பாயம்மா சொகமா ஆஸ்பத்திரி போவாங்க.”

ஹிதாயத்துல்லா மெதுவாக இறங்கினார். உள்ளே ஆரிபா போனில் மகனோடு பேசிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நிற்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“அவ எந்திரிச்சு நடந்துருவா தம்பி, டாக்டரு நாள் சொன்னது எனக்கு. நான் கண்ண மூடுனா என் ஜனாசாவைத் தூக்கத்தான் இங்க நாலு தோள் இல்ல.”