விடுதலை வேண்டாம், டாக்டர்!

“இந்தக் கட்டை மட்டும் பிரிச்சுடாதீங்க டாக்டர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

மாவுக்கட்டு அறுக்கும் கருவியைக் கையில் எடுத்த டாக்டர் அப்படியே நின்றார். நர்ஸ் முகத்தைச் சுளித்தாள்.

“எலும்பு நல்லாக் கூடிடுச்சும்மா. இன்னையோட உன் காலுக்கு விடுதலை.”

“விடுதலை காலுக்குத்தானே? அது வந்தா என் சுதந்திரம் போயிடுமே!”

“ரெண்டும் ஒண்ணுதானே?” என்றாள் நர்ஸ்.

“எங்க வீட்டுக்கு வந்து பாருங்க சிஸ்டர். கட்டு போட்டதிலேருந்து காபி என்னைத் தேடி வருது. பையன் முட்டை வேகவைக்கிறான். வாஷிங் மெஷின்ல எந்தப் பட்டன் எதுக்குன்னு அவருக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல மத்தியானத் தூக்கம்னா என்னன்னு நானும் இப்பத்தான் பார்க்கிறேன். பிரிச்சீங்கன்னா நேரா அடுப்படிதான்.”

“சும்மா கட்டு போட்டு வெச்சிருந்தா தசை சூம்பிடும்மா.”

“சூம்பட்டும். கல்யாணம்னு ஒரு கால்கட்டு போட்டாங்க பாருங்க, அதுக்கு இது எவ்வளவோ தேவலை.”

“சரியான சோம்பேறி!” நர்ஸ் முணுமுணுத்தது இருவர் காதிலும் விழுந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. “அதெல்லாம் முடியாது. காலை நீட்டு.”

கருவி கிர்ரென்றது. கட்டு இரண்டாகப் பிளந்தது. அவள் கண் கலங்கிவிட்டது.

வெளியே காத்திருந்த கணவர், கூப்பிடுவதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டார்.

“அப்பாடா, எனக்கு விடுதலை! இன்னிக்கு ராத்திரியாவது வாய்க்கு ருசியா...”

“உக்காருங்க” என்றார் டாக்டர். “உங்க மனைவி இனிமே நடக்கலாம். கடை, பார்க், சினிமா, எங்க வேணாலும் போகலாம். நடக்க நடக்க நல்லது.”

“ரொம்ப சந்தோஷம் டாக்டர்.”

“ஆனா ஒரே இடத்துல நிக்கக் கூடாது. முக்கியமா அடுப்பு முன்னாடி. பாத்திரம் தேய்க்கிற இடத்துலயும்தான்.”

கணவரின் முகம் மாவுக்கட்டு நிறத்துக்கு மாறியது.

“எத்தனை நாளைக்கு?”

“நான் சொல்ற வரைக்கும்.”

இருவரும் போனதும் நர்ஸ் கதவைச் சாத்தினாள்.

“டாக்டர், ஊரெல்லாம் சுத்தலாம், ஆனா அடுப்படியில மட்டும் நிக்க முடியாது. அப்படி ஒரு வியாதி உலகத்துல உண்டா?”

“ஏன் இல்லாம? கல்யாணமான நாள்லேருந்து எங்க வீட்டுக்காரருக்கு இருக்கே!”