படகைத் தொடக் கூடாது

"இன்னைக்கும் படகப் புடிச்சிட்டா, பாத்தியா மாயாண்டி?"

தண்ணீரில் இருந்த மகளுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று சோலைமலை மெதுவாகத்தான் கேட்டார்.

"ஒரு தடவதானுங்களே கங்காணி" என்றான் மாயாண்டி. காசல்ரி நீர்த்தேக்கத்தில் மீன் பிடிப்பவன் அவன். பேசினால் மீன் ஓடிவிடும் என்று பழகியவன். அவ்வளவோடு நிறுத்திக்கொண்டு துடுப்பைப் பார்த்தான்.

நிலக்ஷி படகின் விளிம்பை ஒரு கையால் பிடித்தபடி மிதந்தாள். காற்று அடங்கியதும் கையை எடுத்துவிட்டு மறுபடி நீந்தப் போனாள்.

அடுத்த ஞாயிறு திருகோணமலையில் கடல் நீச்சல் போட்டி. நீந்துகிற ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒரு படகு வரும். அதில் வீட்டு ஆள் ஒருவர் கூடவே போக வேண்டும். குடிக்கத் தண்ணீரைக் கயிற்றில் கட்டிப் போட வேண்டும். நீந்துகிறவருக்கு முடியவில்லை என்று கண்டால் நிறுத்தச் சொல்லவும் வேண்டும். நீந்துகிறவர் மட்டும் படகைத் தொடவே கூடாது. விரல் பட்டாலும் போட்டி போச்சு.

நிலக்ஷியின் அம்மா நாகலெட்சுமி குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தாள். அதனால் படகில் உட்காரும் வேலை சோலைமலையின் தலையில் விழுந்தது. இப்போதிருந்தே கூட வந்து உட்காருங்கள் என்று மகள் கேட்டாள். மூன்று மாதமாக, காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் பெரட்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் வருகிறார். மழைக்கும் குளிருக்கும் கம்பளிச் சட்டை, அதன்மேல் மிதவைச் சட்டை, கையில் ஒரு எலுமிச்சம்பழம். கினிகத்தேனை மலைப்பாதை வளைவுகளில் பஸ்ஸில் போனாலும் அந்தப் பழம் அவர் கையில் இருக்கும்.

சோலைமலை தேயிலைத் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி, ஆளைப் பார்த்தே நிலைமையைச் சொல்லிவிடுவார். கொழுந்தெடுக்கும் பெண்களில் யார் தளர்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும் முன்னே அவருக்குத் தெரியும். தேயிலை நிரையில் கிள்ளுகிற கை நின்று, செடியை எட்டிப் பிடித்தாள் என்றால் அவளால் அதற்குமேல் முடியாது. திட்ட மாட்டார். போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வா என்று அனுப்பிவிடுவார். கங்காணி கண் தப்பாது என்று தோட்டத்தில் சொல்வார்கள். மற்றவர்கள் மறந்தால் அவரே சொல்லிக்கொள்வார்.

அதே கண்ணால்தான் மகளையும் பார்த்தார். காற்று எழுந்து அலை வரும்போதெல்லாம் அவர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்து முருகனைக் கூப்பிடுவார். மகளுக்காகத்தான் கூப்பிடுவதாக மாயாண்டியிடம் சொல்லியிருக்கிறார். கூப்பிட்டு முடிப்பதற்குள் அவள் கை படகின் விளிம்புக்கு வந்துவிடும். முதல் வாரங்களில் பத்துத் தடவை வந்தது. இப்போது குறைந்திருந்தது. ஆனால் குறைவதும் இல்லாமல் போவதும் ஒன்றா?

மகள் ஹட்டனில் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறவள். மலையில் பிறந்தவளுக்குக் கடல் எதற்கு என்று லயத்து வீடுகளில் கேட்டவர்களுக்கெல்லாம் அவள் சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பை அடுத்த வாரம் இழந்துவிடுவாளே என்று அவருக்குத் தாங்க முடியவில்லை. அதைவிட, ரோசத்துக்காகப் படகைத் தொடாமலே மூழ்கிவிட்டால்? நேற்றுத் தொலைபேசியில் மனைவியிடம் சொன்னார். நீங்கள் பார்த்துச் சொன்னால் தப்பாக இருக்காது, நிறுத்திவிடுங்கள் என்று அவளும் அழுதாள்.

படகு கரை தட்டியது. சோலைமலை முதலில் இறங்கி, கால் தரையில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டார். நிலக்ஷி துவாயைப் போர்த்திக்கொண்டு, பிளாஸ்கிலிருந்து அவருக்குத்தான் முதலில் தேத்தண்ணி ஊற்றினாள்.

"பாப்பா, திருகோணமலை வேணாம்."

அவள் பிளாஸ்கை மூடாமல் நின்றாள். "ஏம்ப்பா?"

"ஒரு நாளாச்சும் படகப் புடிக்காம நீந்தினியா? இந்தத் தண்ணியிலயே இப்புடின்னா கடல்ல என்ன செய்வ? நான் எத்தன பேரப் பாத்தவன். ஒனக்கு ஏலாது பாப்பா."

பெற்ற பிள்ளையிடம் இப்படிச் சொல்வதைவிட மலையில் நூறு பேரைத் திருப்பி அனுப்பலாம் என்று இருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்று திரும்பினார்.

"சொல்லிடு தங்கச்சி" என்றான் மாயாண்டி, படகைக் கட்டிக்கொண்டே. "இனி மறைச்சு என்ன?"

நிலக்ஷி அப்பாவின் முன்னால் வந்து, இறுகியிருந்த அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். நசுங்கிப்போன எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டாள்.

"நீங்க வராத நாள்ல அக்கரைக்கும் இக்கரைக்கும் நாலு தடவ போய்ட்டு வந்திருக்கேன்ப்பா. மாயாண்டி அண்ணன் படகுல ஒரு தடவகூட கை வைக்கல."

"அப்ப இது?"

"காத்து வந்தா படகு ஆடுது, நீங்க கண்ண மூடிக்கிறீங்க. ஆடாம இருக்கத்தான் புடிச்சேன்."

சோலைமலை படகைப் பார்த்தார், மகளின் கையைப் பார்த்தார்.

"கடல்ல என்னால புடிக்க ஏலாது. நீங்க பயந்து கரைக்குத் திரும்பச் சொன்னா, என் போட்டி அதோட முடிஞ்சிரும். இந்த மூணு மாசமும் பழகினது நான் இல்லப்பா, நீங்கதான். இன்னைக்கு ஒரே ஒரு தடவதான புடிச்சேன்? நீங்க தேறிட்டீங்க."