ஐந்தாவது விரல்

“நாலு விரல்தானடா புடிச்சே? இந்தாளு அஞ்சுன்றாரு. நடுவுல ஒரு விரல முழுங்கப் பாத்தியா?”

மாட்டுச் சந்தையே திரும்பிப் பார்த்தது. தரகன் பூமாலைக்குக் கோபம் வந்தால் பால் குடிக்கிற கன்றுகூட மடியை விட்டுவிடும்.

எதிரே நின்ற ராசுவும் தரகன்தான். விற்கிறவனுக்குப் பூமாலை, வாங்குகிறவனுக்கு ராசு என்று எத்தனையோ மாடுகளைக் கைமாற்றி விட்டவர்கள். கையைத் துண்டால் மூடி, உள்ளே ஒருத்தர் விரலை ஒருத்தர் பிடித்து விலை பேசுவார்கள். எத்தனை விரலோ அத்தனை விலை. வாய் திறக்கிற வேலையே கிடையாது.

அன்றைக்குக் கல்வராயன் மலையிலிருந்து ஓட்டி வந்த சோடி எருது. பூமாலை நாலுக்கு இறங்கி வந்து முடித்துவிட்டுத் துண்டை எடுத்தால், வாங்க வந்த ரிஷிவந்தியத்துக்காரர், “அஞ்சுக்குப் படிஞ்சுதா?” என்று சிரிக்கிறார். நடுவில் ஒரு விரல் பணம் ராசுவின் மடிக்குப் போகிற கணக்கு.

“அண்ணே, அஞ்சும் சேத்துதான் புடிச்சேன். சுண்டு விரல அழுத்திக்கூட வுட்டேன்,” என்றான் ராசு.

“எங்கிட்டயேவா? நான் வளந்ததே இந்த மாட்டு மூத்திரத்துலதான்டா. எவன் விரலு இன்னா பேசும்னு எனக்குத் தெரியாது?”

ராசு பூமாலையின் கையைப் பார்த்தான். சுருட்டி விட்ட சட்டைக் கைக்குக் கீழே, முழங்கையோரம் வெளிறிக் கிடந்த தேமலைப் பார்த்தான். அவன் முகம் மாறிப்போனது.

“ஆமாண்ணே,” என்றான், எல்லார் காதிலும் விழும்படி. “நான்தான் ஆசப்பட்டுட்டேன்.”

பூமாலை விட்ட அறையில் ராசுவின் துண்டு சாணியில் போய் விழுந்தது.

மறுநாள் காலையில் ராசு கச்சிராயபாளையத்துக்கே, பூமாலையின் வீடு தேடி வந்தான்.

“அண்ணே, நேத்து நடந்தது இருக்கட்டும். அந்தத் தேமல ஒரு தபா ஆஸ்பத்திரில காட்டிடலாமே. நானும் கூட வரேன்.”

“திருடிட்டு வந்து வைத்தியம் பாக்கறியா? வெயில்ல அலையறவனுக்குத் தேமல் வராம சந்தனமா வரும்? இன்னொரு தபா இந்த வாசப்படி மிதிச்சே, கால ஒடிச்சிடுவேன்.”

பூமாலையின் மனைவி கண்ணகி உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். “நல்லதுக்குத்தானே சொல்லுது அது. காட்டினா இன்னா கொறஞ்சிடப் போவுது?”

“நீ உள்ள போடி.”

அதற்கப்புறம் ராசுவின் துண்டுக்குள் ஒருத்தரும் கை விடவில்லை. கரும்பு வெட்டப் போய்க்கினு இருக்கான் என்று யாரோ சொன்னார்கள். பட்டாத்தான் புத்தி வரும் என்றான் பூமாலை.

சில மாதங்கள் கழித்து, ஆலைக்குக் கரும்பு போய் முடிகிற சமயம். டீ டம்ளரை வாங்க வந்த கண்ணகி பூமாலையின் கையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“இன்னாங்க இது, சுண்டு விரல்ல இம்மாம் பெரிய கொப்புளம்? நேத்து அடுப்புலருந்து எறக்கின சொம்ப அப்படியே தூக்கிக்கினு வந்தீங்களே, சுடலையா?”

சுடவில்லை. பூமாலை கொப்புளத்தை நகத்தால் கிள்ளிப் பார்த்தான்; அதுவும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தேவதர்ஷினி அவனைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார்.

“பேனா முனையால தொடுவேன். தொடும்போது சொல்லுங்க.”

“சரிங்க, தொடுங்க.”

“தொட்டுக்கிட்டேதான் இருக்கேன்.”

முழங்கையின் உள்பக்கம் நரம்பைத் தடவிப் பார்த்தார். கயிறு மாதிரி தடித்திருந்தது.

“தொழுநோய்ங்க. பயப்படாதீங்க, மாத்திரையில குணமாகிடும். சாப்பிட ஆரம்பிச்சிட்டா அடுத்தவங்களுக்கும் பரவாது. எப்பவும் போல வேலைக்குப் போலாம், வீட்டுல எல்லாரோடயும் இருக்கலாம். நடுவுல மட்டும் நிறுத்திடாதீங்க.”

“விரலு?”

“நரம்பு ரொம்பக் கெட்டுப்போயிருக்கு. உணர்ச்சி முழுசா திரும்புறது சந்தேகம்தான். ஆரம்பத்துலயே வந்திருக்கலாமே. ஒருத்தருமே சொல்லலையா உங்ககிட்ட?”

பூமாலை மாத்திரை அட்டையை வாங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டான்.

அங்கிருந்து நேராக ராசுவைத் தேடிப் போனான். கரும்புத் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தான் ராசு.

“நீ அஞ்சுதான்டா புடிச்சே.”

“ஆமாண்ணே.”

“உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“எங்கப்பனுக்கும் அதே தேமல். மொதல்ல சுண்டு விரல்தான் மரத்துப் போச்சு.”

“அப்பறம் எதுக்குடா திருடன்னு ஒத்துக்கினே?”

ராசு அரிவாளைக் கீழே வைத்தான்.

“திருடன்னா நாலு சந்த ஒதுக்கி வெச்சிட்டு மறந்துடுவாங்கன்னு நெனச்சேன். இந்த நோவுன்னு ஒருத்தன் காதுல வுழுந்தா, உன் துண்டுக்குள்ள எவண்ணே கை வுடுவான்? எங்கப்பன் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்க ஆளில்லாம போச்சு.”

பூமாலை வரப்பில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

“வர்ற சந்தைல, நட்ட நடுவுல நின்னு சொல்றேன். தப்பு என் கையிலதான், ராசு கைல இல்லன்னு.”

“வாணாம்ணே.”

“நீ சும்மா இரு. நான் சொன்னா சொன்னதுதான்.”

அடுத்த சந்தை வந்தது. எலவனாசூர்கோட்டை வியாபாரி ஒருவர் பசுவுக்கு விலை பேசக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

“இன்னா பூமாலை,” என்று பக்கத்தில் ஒருத்தன் கேட்டான். “உங்கூட்டாளி, அந்தத் திருட்டுப் பய, எங்க ஆளையே காணோம்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பூமாலை வாயைத் திறந்தான். நீட்டிய கை எதிரே காத்திருந்தது.

தேமல் மறையச் சட்டைக் கையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டான். அந்தக் கையை அப்படியே பின்னால் மறைத்து, மற்றக் கையைத் துண்டுக்குள் விட்டான்.

“அவன் பேச்சு இப்ப எதுக்கு?” என்றான். “மாட்டப் பாரு.”