ஷூவோடு தூங்குகிறவர்கள்

மூன்றாவது ஆளும் அதையேதான் சொன்னான்.

"நான் ஷூவைக் கழற்றாமல் தூங்குவேன். அதுதான் என் நேரத்தை மிச்சப்படுத்தும் பழக்கம்."

சொன்னது இங்கிலீஷில். ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் வேறு எதில் சொல்வான்? தட்டுத் தடுமாறித்தான் சொன்னான், ஆனாலும் சொல்லி முடித்துவிட்டான்.

தேர்வாளருக்குச் சுருக்கென்றது. காலையில் வந்த முதல் ஆளும் ஷூ. இரண்டாவது ஆளும் ஷூ. உலகத்தில் யாரோ ஒருவன் ஷூவோடு தூங்கினால் கிறுக்கு என்று விட்டுவிடலாம். வரிசையாக மூன்று பேரா?

இரண்டு நிமிடம் முடிந்து மேஜை டைமர் கிர்ரென்று அடித்தது. நாற்காலி ஆட்டம் காண எழுந்தவன், கதவுவரை போய்விட்டான். அப்புறம் அசடு வழியத் திரும்பி, "ஸாரி சார்" என்றான்.

முதல் இரண்டு பேரும் இதே ஓட்டம்தான் ஓடினார்கள்.

ஒப்பித்து முடித்ததும் தப்பித்தால் போதும் என்று ஓடுகிறார்கள்! அவனுடைய தாளிலும் பென்சிலால் 'மனப்பாடமா?' என்று எழுதினார். இதையே பேனாவால் எழுதினால் மார்க் பூஜ்யம். ஒரு வருடத்துக்குத் தேர்வு வாசலை மிதிக்க முடியாது.

அவருக்கு அலுவலகத்தில் 'ஸ்டாப்வாட்ச்' என்று பட்டப்பெயர். மற்றவர்கள் ஓர் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் எடுத்தால் இவர் பத்தில் முடித்துவிடுவார். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கதவைத் திறந்து, வெளியே பதிவு மேஜையில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இதுவரைக்கும் வந்த மூணு பேரும் ஒண்ணா வந்தாங்களா?"

"ஆமா சார். மொத்தம் நாலு பேர். பேசிக்கிட்டே உள்ள வந்தாங்க."

"அப்படிப் போடு! நாலாவது யாரு?"

"கதவோரமா இருக்காங்களே, அந்த அக்காதான். தூங்கறாங்க."

"பரீட்சைக்கு வந்த இடத்துலயா?"

"வந்ததுலேர்ந்து அப்படித்தான் சார். ஒருத்தர் தூங்கினா இன்னொருத்தர் முழிச்சிருக்காங்க. முறை வெச்சு."

"காவல் வேறயா? யாரோ நாலு பேருக்கும் ஒரே பதிலை எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கான்."

"பார்த்தா அப்படித் தெரியலையே சார்."

"பார்த்தா தெரியற மாதிரியா செய்வாங்க?"

அடுத்த எண்ணைச் சத்தமாகக் கூப்பிட்டார். முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் தூங்கிக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றிருந்தாள். நடிப்பு வேறு!

உள்ளே வந்து உட்கார்ந்தாள். தாளின் முதல் கட்டத்தில் அவர் வழக்கம்போல் டிக் போட்டார். நேராக அட்டையை நீட்டினார். 'உங்கள் நேரத்தை மிச்சப்படுத்தும் ஒரு பழக்கம் பற்றிப் பேசுங்கள்.'

அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். பேச ஆரம்பித்தாள். சாப்பாட்டை வேகமாக முடிப்பது, தலையை ஒரே முடிச்சில் கட்டுவது என்று எங்கெங்கோ போனாள்.

வா, வா, ஷூவுக்கு வா என்று காத்திருந்தார் தேர்வாளர்.

வந்தாள். "தூங்கும்போதும் நான் ஷூவைக் கழற்றுவதில்லை."

டைமர் அடித்தது. அவள் கை கதவின் பிடியில் இருந்தது.

"கொஞ்சம் உக்காருங்கம்மா" என்றார். பேனாவின் மூடியைத் திறந்தார். "யாரு எழுதிக் கொடுத்தது?"

"எதை சார்?"

"ஷூ கதையை. நாலு பேரும் ஒரே பாட்டைப் பாடறீங்க. இங்க பேனாவால ஒரு வார்த்தை எழுதினேன்னா, நாலு பேரும் ஒரு வருஷத்துக்கு இந்தப் பக்கமே வர முடியாது. தெரியுமா?"

அவள் முகம் வெளிறிப்போனது.

"அய்யோ சார், அப்படிப் பண்ணிடாதீங்க. இந்த மாசத்துக்குள்ள பாஸானாத்தான் எனக்கு போன் எடுத்துப் பேசற வேலை குடுப்பாங்க. முதுகு போயிடுச்சு சார். இனிமே ஸ்ட்ரெச்சர் தூக்க முடியாது."

"ஸ்ட்ரெச்சரா?"

"ஆம்புலன்ஸ் சார். நாலு பேரும் ஒரே ஸ்டேஷன். மணி அடிச்சா ஒரு நிமிஷத்துல வண்டி கிளம்பிடணும். மணி அடிக்கறவரைக்கும், கிடைச்ச நேரத்துல ஷூவோடயே கண்ணை மூடுவோம். லேஸ் கட்டினாலே அரை நிமிஷம் போயிடும் சார். ஒரு தடவை, ஒரு பச்சைக் குழந்தைக்கு, அந்த அரை நிமிஷம்..."

மூக்கை உறிஞ்சினாள்.

"அதுலேர்ந்து எங்கள்ல யாரும் கழட்டறதில்ல."

அவர் டைமரைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைக் காட்டிக்கொள்ளத் தெரியாததால் கோபமாகவே கேட்டார்.

"ஆம்புலன்ஸ்ல வேலை பாக்கறோம்னு எல்லாருமே முதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?"

"அதைத்தான் சார் நாலு பேரும் ராப்பகலா பேசிப் பேசிப் பழகிட்டு வந்தோம். 'என்ன வேலை செய்றீங்க?' அதுதான் முதல் கேள்வின்னு சொன்னாங்க."

தயங்கித் தயங்கி, தாளின் முதல் கட்டத்தில் விரலை வைத்தாள். 'வேலை பற்றி விசாரித்தாயிற்று' என்று அச்சடித்திருந்தது.

"நீங்க கேக்காமலே டிக் போட்டுட்டீங்க, சார்."